தத்தெடுத்த டாஷ்ஹண்ட் மறுபடியும் வீட்டுக்குள் மூச்சா போகிறதா? அடிக்கடி வரும் கேள்விகள்

சென்னையில், குட்டிப் பருவம் தாண்டிய நாய்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் கொஞ்சம் கைகொடுப்பதால், டாஷ்ஹண்ட் (நீள உடம்பு, குட்டைக் கால் இன நாய், சுருக்கமாக டாஷ்) எடுத்துப் போனவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே புலம்பல்தான்: நல்லா இருந்துச்சு, இப்ப திடீர்னு வீட்டுக்குள்ளயே போகுது. எல்லாரும் உள்ளே எங்கே போனது, எத்தனை தடவை போனது என்றே சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வெளியே ஏன் போகவில்லை? பெரும்பாலும் விடை அங்கேதான் கிடைக்கிறது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

மூணு வயசு நாய்க்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காதா? ஏன் குட்டி மாதிரி முதல்லேர்ந்து?

எங்கே வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. தத்துக்கு வரும் டாஷ்களில் பல, குட்டி போடுவதற்காகவே கூண்டில் வைத்திருந்து, பிறகு வேண்டாம் என்று கைவிடப்பட்டவை. சாப்பாடு, தூக்கம், மூச்சா, கக்கா எல்லாமே அந்த ஒரே சிமென்ட் தரையில். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யக்கூடாது என்பது நாய்களுக்கு இயல்பாகவே உண்டு, ஆனால் வேறு வழியே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அது மங்கிப் போகும். அப்படிப்பட்ட நாய்க்குக் காலடியில் வழுவழுப்பாக, குளிர்ச்சியாக ஏதாவது பட்டால் அதுதான் கழிப்பிடம். உங்கள் ஹால் டைல்ஸும் அதற்கு அப்படித்தான். மண்ணும் புல்லும்தான் புதுசு.

முன்பு ஒரு வீட்டில் ஒழுங்காக இருந்த நாயாக இருந்தாலும், அது கற்றுக்கொண்டது அந்த வீட்டை. கொல்லைக் கதவு திறந்தால் போகலாம் என்று பழகிய நாயை மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்து வைத்தால், எந்தக் கதவைப் பார்த்து நிற்பது என்று அதற்கு எப்படித் தெரியும்?

முதல் மூணு வாரம் ஒரு சொட்டு கூட உள்ள போகல. இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. வேணும்னே பண்ணுதா?

இல்லை. பழிவாங்க மூச்சா போகும் அளவுக்கு நாய்க்குக் கணக்குப் போடத் தெரியாது. புது இடத்துக்கு வந்த நாய் ஒடுங்கியிருக்கும், குறைவாகச் சாப்பிடும், குறைவாகக் குடிக்கும், ஒரு மூலையில் படுத்துக் கிடக்கும். வீட்டில் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். மூன்று வாரம் கழித்து நாய் தேறிவிடும், வீடு முழுக்கச் சுற்றும், நீங்களும் கண்காணிப்பைத் தளர்த்தியிருப்பீர்கள். கற்றது மறந்துபோகவில்லை, கற்றுக்கொள்ளும் முன்பே பரீட்சை வைத்துவிட்டோம்.

டாஷில் இன்னொரு தொல்லை, குந்தினால் தெரியவே தெரியாது. லாப்ரடார் உட்கார்ந்தால் அடுத்த அறையிலிருந்தே பார்த்துவிடலாம். இது சோபாவுக்குப் பின்னால் போய் நிற்பது போல நின்று முடித்துவிட்டு வந்துவிடும். அதனால் ஒரு மாசத்துக்காவது, விழித்திருக்கும் நேரத்தில் நாயும் நீங்களும் ஒரே அறையில், மற்ற கதவுகள் சாத்தியபடி. கதவில்லாத ஹால் என்றால் லீஷை உங்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல்ல டாக்டர்கிட்ட போகணுமா, இல்ல கொஞ்ச நாள் பார்க்கலாமா?

ஒழுங்காக இருந்த நாய் திடீரென மாறினால் முதலில் யூரின் டெஸ்ட். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, போய்விட்டும் குந்தியே நிற்பது, ரத்தம் கலந்திருப்பது இதெல்லாம் தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். சிஸ்டின் கல் என்று ஒரு வகை, டாஷ்ஹண்ட் ஆண் நாய்களுக்கு வருவதாக நன்றாகத் தெரிந்த ஒன்று. முக்குகிறது, ஒன்றுமே வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக்கூடாது, அது அவசரம். காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சல் இருக்கலாம், அதற்கும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

தண்ணீரையும் அளந்து பாருங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 8 கிலோ நாய் 800 மில்லியைத் தாண்டினால், சர்க்கரை, சிறுநீரகம், குஷிங் நோய் என்ற ஹார்மோன் கோளாறு என்று டாக்டர் பார்க்க வேண்டிய பட்டியல் இருக்கிறது. அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை ஓடினாலும் நிறையக் குடித்து நிறையப் போகும், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கருத்தடை செய்த பெண் நாய் தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருந்தால் அது பயிற்சிப் பிரச்சனையே இல்லை, கசிவு. அதற்கு மருந்து இருக்கிறது.

சாம்பிள் பிடிப்பது டாஷில் ஒரு கூத்து. வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் கிண்ணம் நுழையாது. நன்றாகக் கழுவிக் காயவைத்த டிபன் பாக்ஸ் மூடியை, காலையில் முதல் தடவை அது குந்தியவுடன் பின்பக்கமிருந்து சறுக்கி விடுங்கள். முன்பக்கமிருந்து நீட்டினால் மோந்து பார்க்க எழுந்துவிடும்.

முதுகு பிரச்சனைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. நீளமான உடம்பு, குட்டைக் கால், முதுகெலும்பு வட்டுகள் (டிஸ்க்) சின்ன வயதிலேயே கெட்டியாகிவிடும் பரம்பரை. ஏறக்குறைய நாலைந்து டாஷில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வட்டுப் பிரச்சனை வருகிறது. ஆரம்பத்தில் வலி மட்டும் இருக்கும்: படி இறங்கத் தயங்கும், தூக்கினால் கத்தும், மோஷன் போகக் குந்த முடியாமல் நடந்துகொண்டே போட்டுவிடும். பால்கனிக்குக் குறுக்கே ஒரு படி இருந்தாலே, அந்தப் படிக்கு இந்தப் பக்கம் போய்விடும்.

பின்கால் தள்ளாடுகிறது, பாதம் மடங்கி இழுபடுகிறது, தெரியாமலே சிறுநீர் போகிறது என்றால் தரையைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே கிளம்புங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி அறுவை சிகிச்சை வசதி உள்ள இடமாக இருந்தால் நல்லது. போகும்போது நடக்க விடாமல், ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள். சாதாரண நாட்களிலும் அப்படித்தான் தூக்க வேண்டும். அக்குளைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்தாலே எனக்குப் பதறும்.

வெளிய அரை மணி நேரம் நடத்துறேன், ஒண்ணுமே போகல. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ள மிதியடில போயிடுது!

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். தயவு செய்து ஒருமுறை தெருவில் குந்தி உட்கார்ந்து, அரை அடி உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். ஸ்கூட்டர் சக்கரம் முகத்துக்கு நேராக வருகிறது. தெருமுனை நாய்கள் நாலு எழுந்து நிற்கின்றன, அவற்றின் நெஞ்சுதான் இதன் கண்ணுக்குத் தெரிகிறது. குந்தும்போது நாயால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பயந்த நாய் அந்த நிலைக்குப் போகாமல் அடக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் வந்ததும் உடம்பு தளர்கிறது, காலடியில் புல் மாதிரி மெத்தென்று மிதியடி. அதன் கோணத்தில் பார்த்தால் மிகச் சரியான இடத்தில்தான் போயிருக்கிறது.

அதனால் நடையையும் மூச்சாவையும் பிரித்துவிடுங்கள். நாய் நடமாட்டம் இல்லாத ஒரே ஒரு இடம் பிடியுங்கள்: கார் பார்க்கிங் பின்னால் உள்ள மண் துண்டு, காம்பவுண்டு ஓரம், எதுவும் இல்லையென்றால் மொட்டை மாடியில் மண் போட்ட ட்ரே. லீஷோடு அங்கே போய்ப் பேசாமல் பத்து நிமிஷம் நில்லுங்கள். போனதும் அந்த இடத்திலேயே, இரண்டு மூன்று நொடிக்குள், வேகவைத்த சிக்கன் ஒரு துணுக்கு. வீட்டுக்கு வந்து பிஸ்கட் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்கான கூலி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நடை. மூச்சா போனவுடனே இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டால், போனால் ஜாலி முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டு இன்னும் நன்றாக அடக்கும். மோப்பம் பிடித்து வேட்டையாட உருவாக்கிய இனம் இது, மோந்து பார்க்கும் பத்து நிமிஷத்தைச் சிக்கனை விடப் பெரிய பரிசாக நினைக்கும் டாஷ்கள் உண்டு.

பத்து நிமிஷமும் ஒன்றும் நடக்கவில்லையா? உள்ளே வாருங்கள், ஆனால் அவிழ்த்து விடாதீர்கள். லீஷோடு பக்கத்திலேயே வைத்திருந்து கால் மணி நேரத்தில் மறுபடி இறங்குங்கள். மிதியடியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், பாத்ரூம் மேட்டையும்தான்.

மழைன்னா கால் கூட வைக்க மாட்டேங்குது. தீபாவளியும் சேர்ந்துடுச்சு, எல்லாம் போச்சு!

தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒரு சீசன் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதற்கு நடுவில் பட்டாசு. ஈரப் புல்லில் நமக்குக் கால் மட்டும்தான் நனையும். டாஷுக்கு வயிறு முழுக்க நனையும், ஆண் நாய்க்கு அதற்கு மேலும். வராண்டா, கார் ஷெட், படிக்கட்டின் கீழ் என்று கூரையுள்ள ஒரு இடத்தில் மண் ட்ரேயை மழைக்கு முன்பே வைத்துப் பழக்குங்கள். திரும்பி வந்ததும் வயிற்றைத் துண்டால் துடையுங்கள். சில நாய்கள் அந்தத் துண்டுக்காகவே வெளியே வரச் சம்மதிக்கும்.

பட்டாசு நாட்களில் விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் வெடி ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, கழுத்துப்பட்டையோடு ஹார்னஸும் போட்டு. அந்த நாட்களில் வீட்டுக்குள் போனால் கணக்கில் வைக்காதீர்கள். பயத்தில் நடந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகும் வெளியே வர மறுத்தால், முந்தைய பதிலில் சொன்ன பத்து நிமிஷத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வெயில் காலத்துல?

ஏப்ரல், மே மதியத்தில் தார் ரோடு வேண்டவே வேண்டாம். புறங்கையைத் தரையில் ஐந்து நொடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. சூடு அதன் வயிற்றுக்கும் அடிக்கும். நிழலான மண், காலை ஆறு மணிக்குள், இரவு எட்டுக்கு மேல்.

ஃபினாயில் ஊத்தித் துடைச்சும் அதே இடத்துக்குத்தான் போகுது. என்ன பண்றது?

ஃபினாயில் உங்கள் மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் மூச்சாவின் வாடை நாய்க்கு அப்படியே வரும், போதாததற்கு ஃபினாயில் நக்கினால் கேடு. பெட் ஷாப்பில் என்சைம் கிளீனர் என்று கேளுங்கள். முதலில் பழைய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தாராளமாக ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஈரமாகவே விட வேண்டும். தெளித்தவுடன் துடைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் நிறைய. டைல்ஸ் நடுவில் இருக்கும் கோடுகளிலும் ஊற வேண்டும், மூச்சா தங்குவது அங்கேதான். பிளீச்சிங் பவுடரை மூச்சாவின் மேல் போடாதீர்கள், அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும்.

பழைய கறை எங்கே என்று தெரியவில்லை என்றால் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர்களின் நாய் விட்டுப்போனதுகூடத் தெரியும், வாடகை வீடுகளில் இது சகஜம்.

மூக்கைப் பிடிச்சு அதுல தேய்ச்சா புரிஞ்சுக்கும்னு மாமனார் சொல்றார்.

மாமனாருக்கு மரியாதையோடு: வேண்டாம். அது கற்றுக்கொள்ளும் பாடம், மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பது. விளைவு, கட்டிலுக்கு அடியில் போகும், வெளியே லீஷில் உங்கள் கண் முன்னாலும் போகாது. திட்டும்போது காதைத் தொங்கப் போட்டு முழிப்பது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் குரலுக்கான பயம். கையும் களவுமாகப் பிடித்தால் "வா வா வா" என்று சாதாரணக் குரலில் கூப்பிட்டு வெளியே கொண்டுபோங்கள். முடித்த பிறகு பார்த்தால் துணியை எடுத்துத் துடையுங்கள், அவ்வளவுதான்.

ஆண் நாய். சோபா கால், பீரோ மூலைன்னு கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சிட்டுப் போகுது.

அது மூச்சா அடக்க முடியாததால் இல்லை, எல்லை குறிப்பது. செங்குத்தான இடம், கொஞ்சமே கொஞ்சம், பல தடவை. கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறையும், வருஷக்கணக்கில் பழகிய நாய்க்கு முழுசாக நிற்கும் என்று சொல்ல முடியாது. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை கிடைக்கிறது, சாமான்களைக் காப்பாற்ற உதவும், ஆனால் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லையென்றால் தோல் புண்ணாகும். ஜன்னல் வழியாகத் தெரு நாயைப் பார்த்துவிட்டு வந்து தெளிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ஜன்னலின் கீழ்ப் பாதியை மறைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மற்றபடி என்சைம் கிளீனர் கதை மேலே இருப்பதுதான்.

நான் வீட்டுக்கு வந்து குனிஞ்சு கொஞ்சினா அங்கயே போயிடுது...

பணிவிலோ பரவசத்திலோ போவது. குனியாதீர்கள், வந்ததும் கண்டுகொள்ளாமல் நேராக வெளியே கூட்டிப் போங்கள், கொஞ்சலை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பி, நெஞ்சைத் தடவுங்கள். திட்டினால் இன்னும் அதிகமாகும்.

நாங்க ஆபீஸ் போனா மட்டும்தான் பண்ணுது. இருந்தா சமர்த்து.

பழைய போனை வீடியோவில் வைத்துவிட்டுப் போங்கள். கதவு சாத்திய அரை மணி நேரத்துக்குள் ஊளை, கதவைப் பிறாண்டல், அதோடு மூச்சா என்றால் அது தனிமைப் பயம். கழிப்பிடப் பயிற்சி எவ்வளவு கொடுத்தாலும் தீராது, ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று தனியாக இருக்கப் பழக்க வேண்டும், மோசமாக இருந்தால் டாக்டரிடம் மருந்தும் கேட்கலாம். நிம்மதியாகத் தூங்கிவிட்டு ஏழாவது மணி நேரத்தில் எழுந்து போனால், பாவம், அது தாங்கிய வரை தாங்கியிருக்கிறது. வளர்ந்த நாய்க்கே ஆறிலிருந்து எட்டு மணி நேரம் எல்லை. மதியம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமோ பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனிடமோ சாவி கொடுக்க முடியுமா பாருங்கள்.

ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போகுது.

ராத்திரி என்ன கொடுக்கிறீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் பதில், பத்து மணிக்குப் பால் விட்டுக் குழைத்த தயிர் சாதம். அத்தனை தண்ணீரும் மூன்று மணிக்கு வெளியே வரத்தானே செய்யும்? சாப்பாட்டை ஏழு மணிக்குக் கொண்டுவாருங்கள், படுக்கும் முன் ஒருமுறை இறக்குங்கள், படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்தில் போடுங்கள், எழுந்து சுற்றினால் சத்தம் கேட்கும். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் இது புதிதாக ஆரம்பித்தால், மேலே சொன்ன டெஸ்ட்.

அப்ப தண்ணியைக் குறைச்சிடலாமா?

கூடாது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். கல் வரும் இனம் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பத்தாவது மாடி. மூச்சா உறிஞ்சுற பேட் போட்டுப் பழக்கினா கெட்டுப் போயிடுமா?

கெட்டுப் போகாது. லிஃப்டுக்குக் காத்திருந்து இறங்குவதற்குள் வழிந்துவிடும் நாய்க்கு, முதுகு வலி நாய்க்கு, வயதான நாய்க்கு பால்கனியில் ட்ரே நல்ல ஏற்பாடு. ஒரே நிபந்தனை, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். டாஷுக்கு மட்டும் ஒரு விசேஷம்: முன்கால் இரண்டையும் பேட் மேல் வைத்துவிட்டு, தான் பேட்டில்தான் நிற்கிறோம் என்று முழு நம்பிக்கையோடு பின்பக்கத்தால் டைல்ஸில் போய்விடும். தப்பு பேட்டின் அளவில்தான். உடம்பின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும் ட்ரேயாக, ஓரம் தாழ்வாக வாங்குங்கள். செய்தித்தாளில் பழகி வந்த நாய் என்றால், ஞாயிற்றுக்கிழமை பேப்பரைத் தரையில் விரித்துப் படிக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாளைக்கு விட வேண்டியிருக்கும்.

லிஃப்ட்ல போயிடுச்சு. அசோசியேஷன்ல நாயே கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க.

நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப் போவதையோ குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதே வழிகாட்டுதல், பொது இடத்தைச் சுத்தமாக வைக்க ஒத்துழைக்கும்படி வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. சட்டம் பேசுவதற்கு முன் துடைத்துவிட்டு, செக்ரட்டரியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுவது நல்லது. லிஃப்டில் தூக்கிக்கொண்டு போங்கள், தூக்கினால் பெரும்பாலும் போகாது. வாசலில் எதிர் வீட்டுக் கோலம் இருந்தால் அதைத் தாண்டும் வரையும் தூக்கியே வையுங்கள், இதற்கு எந்த வழிகாட்டுதலும் உங்களைக் காப்பாற்றாது.

எத்தனை நாள்ல சரியாகும்? எப்ப நம்பலாம்?

நன்றாகப் பழகிவிட்டுப் பின்வாங்கிய நாய், காரணம் பிடிபட்டுவிட்டால், சில வாரங்களில் திரும்பும். கூண்டு நாய்க்கு மாசக்கணக்கில் ஆகலாம். ஒரு அறையில் ஒரு மாசம் சுத்தமாக இருந்தால் அடுத்த அறையைத் திறங்கள். அங்கே போனால் மறுபடி சாத்துங்கள், அது தண்டனை இல்லை. நேரம், இடம், என்ன சாப்பிட்டது, வெளியே என்ன சத்தம் என்று காலண்டரில் கிறுக்கி வையுங்கள். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் மட்டும் போகிறது என்பதெல்லாம் எழுதி வைத்தால்தான் தெரியும்.

எங்களால முடியல. திருப்பிக் கொடுத்துடலாமா?

கேட்பதற்குத் தயங்காதீர்கள், கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. யூரின் டெஸ்ட் எடுத்தாயிற்றா, முதுகைக் காட்டியாயிற்றா, பயமில்லாத ஒரு இடத்தில் பத்து நிமிஷம் நின்று பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்பேன். மூன்றும் செய்தும் முடியவில்லை என்றால், யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவர்களிடமே திரும்பக் கொடுங்கள், தெரிந்தவர் தோட்டத்திலோ தெருவிலோ விடாதீர்கள். வீட்டுக்குள் போகிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் காலண்டரையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் சேர்த்தே கொடுங்கள். தரைத்தள வீடு, மண் உள்ள கொல்லை என்று தேட வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும்.